கருப்பூர்க் கருப்பு

குரங்குச்சாவடி தாண்டி
டயர்க் கடைக்கும் மெஸ்ஸுக்கும் நடுவில் என் ஷெட்.
புரோக்கர் சிற்றரசு அந்தக் கருப்பு வண்டியை
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விட்டுவிட்டுப் போனார்.
"ஞாயித்துக்கெழம பார்ட்டி வருது.
பளபளன்னு இருந்தாப் போதும்."

டார்ச் அடித்தேன்.
பானெட்டில் ஒரு சிலந்தி
விளக்கைச் சுற்றி வலை கட்டியது.
விளக்கை நகர்த்தினால் வலையும் நகர்ந்தது.
கீறல் எல்லாத் திசையிலும்தான் ஓடுகிறது;
வெளிச்சத்துக்குக் குறுக்கே படுத்தவை மட்டும்
காட்டிக் கொடுக்கின்றன.

முதல் சொந்தக்காரர் கருப்பூர்.
அங்கே விடிந்தால் வெள்ளைக்கல் தூசி
மாவு சலித்ததுபோல் வண்டிமேல் படிந்திருக்கும்.
ஆபீசுக்கு நேரமாகும்.
பழைய பனியனால் ஒரு வறட்டுத் துடைப்பு,
வட்டம் வட்டமாக,
ஆறு வருஷம், ஒரு நாள் விடாமல்.
கவனிக்காமல் போட்ட வண்டிக்கு
இத்தனை கீறல் வராது.

ரெண்டு மணி நேரத்தில் முடிப்பதென்றால் கிளேஸ்.
எண்ணெய்ப்பசை பள்ளத்தில் போய் உட்காரும்,
நாலாவது கழுவலில் எழுந்து போகும்.
ரெண்டு நாள் கொடுத்தால் மெஷின், பஃப், காம்பவுண்ட்.
அதற்குப் பெயர் 'கீறலை எடுப்பது'.
பதினாலு வருஷமாக போர்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
ஆனால் கீறலை யாரும் எடுத்ததில்லை.
இல்லாத ஒன்றை எப்படி எடுப்பது?
பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு
சுற்றியிருக்கும் நல்ல இடத்தைச் சீவி இறக்குகிறோம்.

ஷெட் வாடகை ரெண்டு மாதம் பாக்கி.
கிளேஸ் டப்பாவைத் திறந்தேன்.
முடிந்ததும் ஆல்கஹால் துணியால்
ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டும்;
எங்கள் தொழிலில் அது கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வது மாதிரி.
துடைக்கவில்லை.

வாங்கியவர் எமல்டா, ஏற்காட்டில் நர்ஸ்.
மூன்று வாரம் மலையில் பனிமூட்டம்,
அதுவும் எனக்குக் கூட்டாளியாக இருந்தது.
பிறகு மழை. பிறகு ஒரு காலை
டூட்டி முடிந்து இறங்கும்போது
பதினோராவது கொண்டை ஊசியில்
வெயில் பக்கவாட்டில் விழுந்ததாம்.
"பானெட் பூரா தலைமுடி கொட்டிக் கெடந்த மாதிரி இருந்துச்சு," என்றார்,
என் ஷெட் வாசலிலேயே நின்று.

கேஜ் வைத்தேன்.
பானெட்டில் நூற்றுப்பத்து மைக்ரான், கதவில் தொண்ணூற்றெட்டு.
"ஒரு தடவ தாங்கும்.
அடுத்த தடவன்னு வராதீங்க."

சனி, ஞாயிறு.
கரண்ட் போன நேரத்தில் மட்டும் டீ.
ஓட்டுநர் கதவுக் கைப்பிடிக் குழியில்
யாருடையதோ நகக்கீறல், ஆழம்.
அதைத் துரத்தினால் அடிப்பெயின்ட் வந்துவிடும்.
விட்டுவிட்டேன்.
இந்த முறை ஆல்கஹால் துணியை
அவர் கையிலேயே கொடுத்தேன்.

துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
"போயிருச்சா?"
"போகல மேடம். மத்த எடமெல்லாம்
அதோட மட்டத்துக்கு எறங்கி வந்திருச்சு."

பில் புத்தகத்தைத் திறந்தபடி, முகம் பார்க்காமல்,
"போன தடவ மூடி விட்டது நான்தான்," என்றேன்.

"தெரியும்.
சைடு கண்ணாடி ரப்பர்ல நீல டேப் ஒட்டியிருந்துச்சு.
தோ, ஆணியில தொங்குதே, அதே டேப்."

"அப்பறம் ஏங்க இங்கயே..."

"மூடினவங்களுக்குத்தான
எது எங்க கெடக்குன்னு தெரியும்."

பேனா எழுதவில்லை. உதறினேன். எழுதியது.
முழுத் தொகை. எண்ணிக் கொடுத்தார்.

ரெண்டு வாளி வைங்க, என்றேன்.
ஒன்னுல சோப்பு, ஒன்னுல துணிய அலச.
நேரா இழுங்க, வட்டம் போடாதீங்க.
தூசியோட மட்டும் துணி வைக்கவே வைக்காதீங்க.
தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அஸ்தம்பட்டிப் பக்கம் திரும்பும் வரை பார்த்தேன்.
அவருக்கு முன்னால்
வெள்ளைக்கல் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது,
தார்ப்பாய் கட்டாமல்.